நாற்பத்தாறு வீட்டுக்கும் ஒரே மட்டம்

ஏப்ரல் 6, ஞாயிறு

சூசை கொத்தனாருக்கு சிமெண்ட் கடையில் கொடுத்த டைரி இது. மூன்று மாதமாக அவர் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தது. "நீதான் பேச மாட்டங்கியே, எழுதவாவது செய்" என்று நேற்று என்னிடம் தள்ளிவிட்டார். வீணாய்ப் போகிற தாள் என்பதால் வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் பிரம்மசக்தி. வயது பதினேழு. ராஜமணி நகர் மூன்றாம் தெருவில் முப்பத்தொன்றாம் எண் வீடு. அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். நான் சூசை கொத்தனாரிடம் சித்தாள். பதினொன்றாம் வகுப்பு பாதியில், போன வருடத்துக்கு முந்தின டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுத் தரை பெயர்ந்துபோனது. தரை போடுகிறவரைக்கும் ஒரு மாதம் வேலைக்கு வந்தேன். பிறகு பள்ளிக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். சித்தாள் வேலையில் அது இல்லை.

வெள்ளிக்கிழமை சந்தனமாரி அக்காவுக்குப் பூ வைக்க வருகிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் மாப்பிள்ளை ஊர். அதனால் இன்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பொங்கலுக்கு அடித்ததே இடுப்பளவுக்குப் பொரிந்து உதிர்ந்துவிட்டது. உப்புத் தண்ணீர் நின்ற சுவரில் எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. ஓதம் எங்கே ஏறியதோ அதுவரைக்கும் கோடு போட்டதுபோலக் கொட்டும். அம்மா அந்த இடத்தில் பீரோவை நகர்த்தி வைத்துவிட்டாள். பீரோ மறைக்காத இடத்தில் அரிசி மூட்டை.

ஏப்ரல் 9, புதன்

மழைநீர் வடிகாலுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கிவிட்டது. வார்டு அலுவலகத்தில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாம் தெரு இருக்கிறது. நான்காம் தெரு இருக்கிறது. எங்கள் மூன்றாம் தெரு இல்லை.

தங்கப்பாண்டி அண்ணாச்சி கடை முன்னால் சாயங்காலம் முழுக்க ஒரே சத்தம். அண்ணாச்சிதான் தெரு சங்கத்துத் தலைவர். யாரோ உள்ளே விளையாடிவிட்டார்கள் என்றார். ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல மூணு இருக்குன்னு எண்ணத் தெரியாதவனா இஞ்சினீயர் என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். நான் சீனி வாங்கப் போயிருந்தேன். கடைக்குப் போனால் வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான் என் வழக்கம். அண்ணாச்சி சீட்டைத் தூக்கிக் காட்டி, "ஏ, சீட்டு வந்திருக்கு, வழி விடுங்க" என்றார்.

சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஜல்லி சுமந்தேன். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 12, சனி

நேற்று பூ வைத்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா பீரோவை இரண்டு தடவை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவாகவே, இந்தத் தெரு மேடு, தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்காது என்றாள்.

இன்று தெருவே திரண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனது. அம்மா என்னையும் இழுத்துப் போனாள். அங்கே இளநிலைப் பொறியாளர் ஒரு பெண். மெல்லிசாக, பெரிய மணிக்கட்டுக் கடிகாரத்தோடு இருந்தார். எல்லோரும் அவரை ஜே.இ. மேடம் என்றார்கள். அண்ணாச்சி ஊழல் என்று தொடங்கியதும் மேடம் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு கட்டுப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது ஜனவரியில நீங்க குடுத்தது. வெள்ளநீர் வீட்டுக்குள் புகுந்ததான்னு ஒரு கேள்வி. நாப்பத்தாறு வீடு. நாப்பத்தாறுலயும் இல்லை."

மேடம் ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"ரெண்டாம் தெருவுல முட்டளவுன்னு எழுதியிருக்காங்க. நாலாம் தெருவுல இடுப்பளவு. நடுவுல உங்க தெருவை மட்டும் தண்ணி தாண்டிக் குதிச்சுப் போச்சா? இதுல எல்லாமே ஒரே கையெழுத்து வேற. யார் எழுதினது?"

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். தெருவில் ஒருவரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் பார்த்ததுபோல் இருந்தது.

அப்போது ஜெபமணி அத்தை முன்னால் போனாள். அத்தை எங்கள் பக்கத்து வீடு. உறவில்லை, அத்தை என்று கூப்பிட்டுப் பழக்கம். தையல் மிஷின் வைத்துப் பிழைத்தவள். வெள்ளத்தில் மிஷின் போனது. "நான் வந்துச்சின்னுதான் சொன்னேன். கைநாட்டு வச்சவ நான். என் பேப்பர்ல யாரு இல்லைன்னு எழுதுனா? ஆபீஸ்ல மாத்திப்புட்டிய" என்று மேடத்திடம் சண்டைக்குப் போனாள். மேடம் படிவத்தை நீட்டினார். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. வாங்கித் தலைகீழாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

திருத்திய பட்டியல் மே பதினாறாம் தேதி மேலே போகிறதாம். மே ஒன்பதாம் தேதி மேடம் நேரில் வந்து பார்ப்பார். ஆதாரம் காட்டினால் சேர்க்க முடியும். அண்ணாச்சி செல்போன் படங்களைக் காட்டினார். தண்ணீர் தெரிகிறது, தெரு எது என்று தெரியவில்லை. எவ்வளவு உயரம் என்றும் தெரியவில்லை. "அளவு வேணும்" என்றார் மேடம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஜனவரியில் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

படிவம் வந்த அன்று அண்ணாச்சி கடைக்கு ஒரு பேச்சு வந்தது. தண்ணீர் வந்ததென்று எழுதுகிற வீடுகளை நீர்வழி என்று கணக்கு வைத்துக் காலி செய்வார்கள், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வாரியக் குடியிருப்பில் மாடி வீடு கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று. உப்பளத்துக்கும் ஹார்பருக்கும் போகிறவர்கள் அங்கேயிருந்து எப்படி வருவது? தெரு கூடி முடிவு செய்தது. எல்லோரும் இல்லை என்றே எழுத வேண்டும். வீட்டு விலை குறையும், பெண் கேட்டு யாரும் வர மாட்டார்கள் என்பதெல்லாம் தனி. எங்கள் அம்மாதான் அந்தப் பெண் விஷயத்தைச் சொன்னாள்.

என் கையெழுத்து அச்சுமாதிரி இருக்கும். அண்ணாச்சி கடை பெஞ்சில் உட்காரவைத்து வரிசையாகப் படிவத்தை என் முன்னால் வைத்தார்கள். பக்கத்தில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். எழுத எழுத எல்லோரும் கையெழுத்தைப் புகழ்ந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பத்தைந்து வீட்டுக்காரர்கள் அவர்களாகவே சொன்னதைத்தான் எழுதினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். ஜெபமணி அத்தை கறிச்சோறு கொடுத்தனுப்பினாள். அக்கா சாப்பிட்டாள். எனக்குப் பசி இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

பைபாஸ் பக்கத்து வேலையில் இன்று தரை மட்டம் பார்த்தோம். சூசை கொத்தனாரிடம் முப்பதடி டியூப் இருக்கிறது. கண்ணாடிமாதிரியான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், குமிழி இருக்கக் கூடாது. ஒரு முனையை அவர் ஒரு சுவரில் பிடிப்பார், இன்னொரு முனையை நான் எதிர்ச் சுவரில் பிடிப்பேன். தண்ணீர் ஆடி ஆடி நிற்கும். நின்ற இடத்தில் இரண்டு பேரும் நீலப் பொடியில் கோடு போடுவோம். நடுவில் மேடு இருந்தாலும் பள்ளம் இருந்தாலும் இரண்டு கோடும் ஒரே மட்டம். எனக்கு இந்த வேலையில் பிடித்தது இதுதான். ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

இன்று தண்ணீர் நின்ற பிறகும் நான் முனையை எடுக்காமல் நின்றேனாம். "தூங்கிட்டியா ஏட்டி?" என்றார் கொத்தனார். தூங்கவில்லை. எங்கள் வீட்டு ஓதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு இடுப்பளவு. ஜெபமணி அத்தை வீட்டுக்கு இரண்டு படி உண்டு, அங்கே தொடையளவு. அண்ணாச்சி வீட்டுக்கு நான்கு படி, அங்கே முழங்காலளவு என்று வைத்துக்கொண்டாலும் தண்ணீர் ஒன்றுதானே.

ஏப்ரல் 27, ஞாயிறு

கொத்தனாரிடம் டியூப் கேட்டேன். எதற்கு என்றார், வீட்டில் வேலை என்றேன். பொய் இல்லை.

மத்தியானம் அம்மா தூங்கும்போது அக்காவை மறுமுனை பிடிக்கச் சொன்னேன். அரிசி மூட்டையை நகர்த்தி, ஓதம் முடிகிற கோட்டில் என் முனை. அக்கா முனை ஜெபமணி அத்தை வீட்டுக்குள், ஜன்னல் வழியாக. அத்தை ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். தண்ணீர் நின்றதும், "எங்கே நிக்கி?" என்று கேட்டேன். அக்கா குனிந்து சுவரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "சுண்ணாம்பு உரிஞ்ச இடத்துலயே நிக்கி, சக்தி. நூல் பிடிச்சமாதிரி நிக்கி" என்றாள்.

அத்தை சுவரில் மிஷின் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அக்காவிடம் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதுகிறேன். அத்தை என்னிடம், வந்துச்சின்னே எழுது, எனக்கு யாருக்கும் பயமில்லை என்றுதான் சொன்னாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் இல்லை என்று எழுதி அத்தையிடம் கைநாட்டு வாங்கினேன். அத்தை என் தலையைத் தடவி, அழகான எழுத்து என்றாள்.

அக்கா திட்டவில்லை. இதை ஒன்பதாம் தேதி அந்த மேடத்திடம் காட்ட வேண்டும் என்றாள். காட்டினால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும், அம்மா அவர்களிடம் தெரு மேடு என்று சொல்லியிருக்கிறாள் என்றேன்.

"தண்ணி வந்த வீடுன்னு கேட்டு விட்டுட்டுப் போறவன், மழைக்கு முன்னாலயே போகட்டும். மழை வந்தப்புறம் போனா நான் பிள்ளையும் கையுமா நிக்கணும்."

சொல்லிவிட்டு டியூப் தண்ணீரைக் கொட்டினாள். அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது, எனக்குத் தெரியும்.

மே 4, ஞாயிறு

பைபாஸ் வீட்டில் இன்று வேலை இல்லை. நான் மட்டும் போனேன், சுவருக்குத் தண்ணீர் அடிக்க. கதவு ஜன்னல் வைக்காத வீடு. நடு ஹாலில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். என் குரல் நான்கு அறையிலும் போய்த் திரும்பி வந்தது. என்னுடையது போலவே இல்லை. ஆறு தடவை சொன்னேன்.

மே 8, வியாழன்

நாளைக்கு. சாப்பிட்டேன்.

மே 9, வெள்ளி

நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

மேடம் பத்தரை மணிக்கு வந்தார். கூட ஒரு பணி ஆய்வாளரும், அளக்கிற நாடாவோடு ஒருவரும். தெருவே கூடியிருந்தது. அண்ணாச்சி மாலை வாங்கி வைத்திருந்தார், மேடம் வேண்டாம் என்றார். ஆளுக்கு ஒரு உயரம் காட்டினார்கள். ஒருவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் மனைவி, "அன்னிக்கு நீங்க ஊர்லயே இல்லையே" என்றாள்.

மேடம் சுற்றிப் பார்த்தார். எல்லா வீட்டிலும் புதுச் சுண்ணாம்பு. மேடம் வருகிறாரென்று வாரம் முழுக்க அடித்து வைத்திருந்தார்கள். இருந்த ஆதாரத்தை நாங்களே மெழுகி மூடிவிட்டு நின்றோம். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "அளவு இல்லாம நான் என்ன எழுத முடியும்?" என்று கோப்பை மூடினார்.

அக்கா என் விலாவில் இடித்தாள்.

நான் முன்னால் போனேன். டியூப் என் தோளில் பாம்புமாதிரி சுற்றியிருந்தது. அதைப் பார்த்தே பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள் போய் அரிசி மூட்டையை நகர்த்தினேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். கொத்துக் கரண்டியால் சுவரைத் தட்டினேன். போன மாதம் அடித்த சுண்ணாம்பு பாளம் பாளமாக விழுந்தது, இடுப்பளவு வரைக்கும். அதற்குமேல் தட்டினாலும் விழவில்லை.

மேடம் குனிந்து விரலால் தடவினார். உப்புத்தான் என்றார். பிறகு, இது கடலோரம், நிலத்திலிருந்து ஓதம் ஏறினாலும் சுவர் இப்படித்தான் உதிரும், வெள்ளம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆய்வாளர் தலையாட்டினார். கூட்டத்தில் யாரோ, ஊமையைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லவிட்டால் இப்படித்தான் என்றது காதில் விழுந்தது.

பைபாஸ் வீட்டு ஹாலை நினைத்துக்கொண்டேன்.

"நிலத்து ஓதம்னா வீட்டுக்கு வீடு மாறும், மேடம். சுவர் எப்படியோ அப்படி ஏறும். வெள்ளம் நின்ன கோடுன்னா நாப்பத்தாறு வீட்லயும் ஒரே மட்டமா இருக்கும். டியூப் பிடிச்சுப் பாருங்க. ஒரு வீட்ல மாறுனாலும் நீங்க போயிருங்க."

யார் பேசியது என்று பின்னாலிருந்து கேட்டார்கள். சக்தி என்றாள் அக்கா.

மேடம் கோப்பை ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டு டியூப்பின் ஒரு முனையைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டுக் கோட்டிலிருந்து வாசல் நிலைக்கு ஒரு நீலக் கோடு. அங்கிருந்து அத்தை வீட்டு நிலைக்கு. அங்கிருந்து உள்ளே. அத்தை சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் மேடமே கரண்டியால் தட்டினார். கீழே உதிர்ந்தது, மேலே நின்றது. அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஐந்தாவது வீட்டுக்குப் போகும்போதே தெருவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நாங்கள் போவதற்கு முன்னாலேயே பீரோவை நகர்த்தினார்கள், கட்டிலைத் தூக்கினார்கள், சாமி படத்தைக் கழற்றினார்கள். ஒன்றரை வருடமாக மறைத்து வைத்ததையெல்லாம் வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டுக் காட்டினார்கள். எங்க வீட்டுக்கு எப்ப வருவிய என்று அடுத்த வரிசையில் சண்டை. டியூப்பில் குமிழி வந்துவிடாமல் நடுவில் பத்துப் பேர் அதை ஏந்திக்கொண்டு நடந்தார்கள், தேர் வடத்தைப் பிடித்தமாதிரி.

அண்ணாச்சி வீட்டில் முட்டுக்கட்டை. தன் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, நான்கு படி இருக்கிறது என்றார். உள்ளே சுவரில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல்வரை டைல்ஸ். ஓதம் தெரிய வழியில்லை. ஒரு வீட்டில் மாறினாலும் போய்விடுங்கள் என்று சொன்னவள் நான்தான். டியூப்பைப் பிடித்தேன். தண்ணீர் டைல்ஸின் மேல் விளிம்புக்கு நாலு விரல் கீழே போய் நின்றது.

வாசலில் நின்ற சூசை கொத்தனார் தொண்டையைக் கனைத்தார். அந்த டைல்ஸ் ஒட்டியவர் அவர்தான்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதிய. எம்புட்டு உசரத்துக்கு ஒட்டணும்னு கேட்டதுக்கு, தண்ணி நின்ன கோட்டுக்கு மேல நாலு விரல் விட்டு ஒட்டுன்னு நீங்கதான சொன்னிய."

ஜன்னலிலும் வாசலிலும் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அண்ணாச்சியின் மனைவியும் சேர்ந்துகொண்டார். அண்ணாச்சி டைல்ஸைப் பார்த்தார், டியூப்பைப் பார்த்தார். பிறகு, சரி, எழுதிக்கோங்க என்றார். காலி பண்ணச் சொல்லுவாங்களோன்னு பயந்தோம் தாயி என்று மேடத்திடம் மெதுவாகச் சொன்னார். வடிகால் எங்கே வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டோம், காலி செய்ய இல்லை என்றார் மேடம். இதை ஜனவரியிலேயே யாராவது வந்து சொல்லியிருக்கலாம் என்று அத்தை முணுமுணுத்தாள். மேடம் அதற்குத் தலையாட்டினார்.

நாற்பத்தாறு வீடு முடிய மணி மூன்று. எல்லா வீட்டுக் கோடும் ஒரு விரல் அகல வித்தியாசத்துக்குள். மேடம் கோப்பில் குறித்துவிட்டு ஜனவரிப் படிவத்தை எடுத்தார். இதற்கு ஒரு விளக்கம் எழுதி வைக்க வேண்டும், எழுதியது யார் என்று மறுபடி கேட்டார். தெரு ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தது. காட்டிக்கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை.

"என் கையெழுத்துதான் மேடம். மத்தவங்க சொன்னதை எழுதினேன். ஜெபமணி அத்தை மட்டும் வந்துச்சின்னு சொன்னாங்க. நாந்தான் மாத்தி எழுதினேன். ஆபீஸ்ல யாரும் மாத்தல."

சொல்லி முடித்தபிறகுதான் அத்தையைப் பார்த்தேன்.

"இம்புட்டு நாளா ஆபீஸ்காரனை வஞ்சுக்கிட்டுத் திரிஞ்சேனே, பாவம்" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து, "நாளையிலேருந்து சாயங்காலம் வா. எனக்கு வாசிக்கச் சொல்லிக் குடு. இனிமே எந்தச் சிறுக்கி எழுதுனாலும் நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் விரல் வைப்பேன்" என்றாள்.

விளக்கக் கடிதத்தை நானே எழுதினேன். மேடம் வாசித்துவிட்டு, அழகான எழுத்து என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மே 10, சனி

தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 23, திங்கள்

மூன்றாம் தெரு பட்டியலில் சேர்ந்துவிட்டது. முழுத் தெருவுக்கும், இரண்டு பக்கமும். ஆய்வாளர் வந்து சொன்னார். அண்ணாச்சி கடையில் எல்லோருக்கும் கலர் சோடா கொடுத்தார். நான் சீட்டு கொண்டுபோகவில்லை. "கால் கிலோ பருப்பு அண்ணாச்சி" என்றேன். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே நிறுத்துக் கொடுத்தார்.

ஜெபமணி அத்தை 'ப' வரைக்கும் வந்துவிட்டாள். 'ண'வைக் கண்டால் மட்டும் கோபம் வருகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அக்கா கல்யாணம் முடிந்தது. மூன்று மாதமாக அம்மா பயந்துகொண்டிருந்தது இன்றைக்குத்தான் தீர்ந்தது. மே மாதமே விஷயம் அக்கரைக்குப் போயிருக்கும், அவர்கள் ஒன்றும் கேட்காததே அம்மாவுக்குப் பெரிய பயம். பந்தி முடிந்ததும் அம்மாவே தாங்காமல் மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய், மதினி, ஒரு பொய் சொல்லிட்டேன் என்று தொடங்கினாள்.

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "பீரோவை எங்க போட்டிருந்திய, அதப் பாத்தவுடனே தெரியும் மதினி. எங்க வீட்லயும் பீரோ அந்த இடத்துலதான் கெடக்கு."

ஆறு அவர்கள் வீட்டுக்குள்ளும் புகுந்ததாம். அவர்கள் ஊரிலும் இல்லை என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பி, அடுத்த மாதம் வரும்போது அந்த டியூப்பையும் கொண்டுவரச் சொன்னார்.

செப்டம்பர் 18, வியாழன்

தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள். வாசலுக்கு வாசல் பலகை. ஒப்பந்தக்காரரிடம் எனக்கும் கொத்தனாருக்கும் வேலை. முந்தாநாள் இருபதாம் எண் வீட்டுக்கு முன்னால் வடிகாலின் தரை, தண்ணீர் போய்ச் சேர வேண்டிய ஓடைப் பக்கம் சரியாமல் எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. டியூப் பிடித்துக் காட்டினேன். மேஸ்திரி, இரண்டு விரல்தானே, தண்ணீருக்கு என்ன தெரியும் என்றார்.

"தண்ணிக்குத்தான் தெரியும்" என்றேன்.

ஜே.இ. மேடம் வந்து பார்த்துவிட்டு அந்தப் பதினைந்து அடியையும் உடைத்து மறுபடி போடச் சொன்னார். மேஸ்திரி இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. எனக்கு அது கஷ்டமாக இல்லை.

நவம்பர் 24, திங்கள்

மூன்றாவது நாள் மழை.

நேற்றுச் சாயங்காலமே வழக்கப்படி எல்லோரும் சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டார்கள். ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் பிளாஸ்டிக் பையில். அத்தை கடனுக்கு வாங்கின புது மிஷினை மேசைமேல் தூக்கி வைக்க நானும் அப்பாவும் போனோம். மழை கொட்டக் கொட்டத் தெரு கறுத்தது. வாசலில் நின்று நாங்கள் எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கணுக்கால் ஏறும் நேரம் இதுதான் என்று அப்பா சொன்னார்.

ஏறவில்லை.

வடிகால் மூடிக்குக் கீழே இரைச்சல் கேட்டது. ரயில் தூரத்தில் போகிற மாதிரி. அண்ணாச்சி குடையை மடக்கிவிட்டுக் குனிந்து காதை வைத்துக் கேட்டார். "போகுது. ஓடைக்குப் போகுது" என்றார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து அந்த மூடிமேல் நின்று பார்த்தார்கள், காலுக்குக் கீழே தண்ணீர் ஓடுவதை. இருபதாம் எண் வீட்டு முன்னால் நான் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றேன். அங்கேயும் ஓடியது.

அத்தை மிஷினை இறக்கச் சொன்னாள். மழை விடுவதற்குள் ஒரு ஜாக்கெட் தைத்து முடித்துவிட்டாள்.

ஜனவரி 11, ஞாயிறு

டைரியில் பக்கம் தீர்ந்துவிட்டது. இது உள்ளட்டையில்.

மாநகராட்சியிலிருந்து இந்த வருடப் படிவம் வந்திருக்கிறது. அண்ணாச்சி கடை பெஞ்சில் உட்காரச் சொன்னார். மாட்டேன் என்றேன். ஒரு அட்டையில் படிவங்களைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போனேன். வாசலில் நின்று, வெள்ளநீர் வீட்டுக்குள் புகுந்ததா என்று சத்தமாகக் கேட்டேன். அவர்கள் வாயால் சொன்ன பிறகே எழுதினேன். எங்கள் வீட்டில் பீரோ சுவரைவிட்டு நகர்ந்து ஜன்னல் பக்கம் வந்துவிட்டது. அங்கே காற்று வரும் என்று அக்கா முன்பே சொல்லிக்கொண்டிருந்த இடம்.

ஜெபமணி அத்தை வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். எழுதி நீட்டினேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை நேராகப் பிடித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இ... ல்... லை" என்றாள். தலையை நிமிர்த்தி, "சரியாத்தான் எழுதியிருக்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். 'ண' கொஞ்சம் கோணல்.

நாற்பத்தாறு வீடு. நாற்பத்தாறிலும் இல்லை.